தளி ரோட்டு கேக்டஸ் நர்சரி: அபூர்வ வகை சேர்க்குறவங்க ஒரு தடவ போய்ப் பாருங்க

முதல்லயே சொல்லிடுறேன், விதை போட்டு வளத்த, ஒட்டுப் போடாம சொந்த வேர்ல நிக்கிற அபூர்வ கேக்டஸ் வேணும்னா ஆன்லைன்ல காசு போடுறதுக்கு முன்னாடி ஓசூர்ல இருந்து தளி போற ரோட்டுல இருக்க இந்த நர்சரிய பாத்துட்டு வாங்க. பெரிய பேரெல்லாம் கிடையாது, கேட்ல "கள்ளிச்செடி கிடைக்கும்"னு பெயிண்ட்ல எழுதின ஒரு தகரம், அவ்ளோதான். ரோஜா பாலிஹவுஸ்ங்களுக்கு நடுவுல இருக்கறதால வண்டில வேகமா போனா தெரியாமலே தாண்டிருவீங்க. தருமபுரில இருந்து வர்றவங்க கிருஷ்ணகிரி வழியா ஓசூர் வந்து அங்கருந்து தளி பஸ் புடிச்சிக்கலாம்.

நடத்துறது ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும். முன்னாடி ஷெட்ல இருக்கறது எல்லா நர்சரிலயும் கிடைக்கிற அயிட்டம்தான், மாமில்லேரியா, சின்ன ஒப்பன்ஷியா, தலைல சிவப்பு மஞ்ச உருண்டை ஒட்டுப் போட்ட மூன் கேக்டஸ், இதுக்காக இவ்ளோ தூரம் போக வேணாம். பின்னாடி இன்னொரு ஷெட் இருக்கு, எப்பவும் பூட்டிதான் இருக்கும், "கலெக்‌ஷன் பாக்கணும்க்கா"ன்னு கேட்டா திறந்து விடுவாங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வேண்டியது எல்லாம் அங்கதான் இருக்கு.

உள்ள போனதும் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ் ட்ரே ட்ரேயா நிக்குது. முள்ளே கிடையாது, தட்டையான பச்ச உருண்டை, பெரும்பாலும் எட்டு பாகமா பிரிஞ்சிருக்கும், ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவுல வரிசையா வெள்ளப் பஞ்சு ஒட்டுன புள்ளி. அந்தப் பஞ்சுப் புள்ளிதான் ஏரியோல், கேக்டஸ்னா அது இருந்தே ஆகணும், முள்ளும் பூவும் அங்கருந்துதான் வரும். நம்ம வேலியோரம் நிக்கிற சதுரக்கள்ளி, திருகுகள்ளிக்கெல்லாம் அது கிடையாது, அதுங்க யூஃபோர்பியா, கீறுனா பால் கொட்டும். இத ஏன் சொல்றேன்னா அபூர்வ கேக்டஸ்னு சொல்லி யூஃபோர்பியாவ விக்கிறவங்க நிறைய பேரு இருக்காங்க, அதுவும் அழகான செடிதான், ஆனா என்னன்னு சொல்லி விக்கணும்ல. இங்க யூஃபோர்பியாவுக்கு தனி பெஞ்ச், தனி பேரு.

நான் போனப்ப உச்சி வெயில் நேரம், ஆஸ்டீரியஸ் பூ முழுசா விரிஞ்சிருந்துச்சு, மஞ்சப் பூ, நடுத்தொண்டைல மட்டும் சிவப்பு. அக்கா ஒரு பொடி பெயிண்ட் பிரஷ்ஷ வச்சிக்கிட்டு ஒரு பூல இருந்து மகரந்தத்த எடுத்து வேற செடிப் பூவுல தடவிக்கிட்டு இருந்தாங்க. இந்த ஜாதி தன் மகரந்தத்துல தானே காய் புடிக்காது, பக்கத்துல இன்னொரு செடி பூத்திருந்தாதான் விதை, அதனால வெயில் இறங்குறதுக்குள்ள முடிச்சாகணும்னு பேசிக்கிட்டே வேலைய பாத்தாங்க. பிரஷ் பட்டதும் பூ நடுவுல மகரந்தம் இருக்க அந்தக் கேசரம் எல்லாம் மெதுவா உள்பக்கம் மடங்குச்சு பாருங்க, அத பாத்துக்கிட்டே நின்னுட்டேன். எங்கயோ வாங்கி விக்கிறவங்களுக்கும் தானே விதை எடுத்து வளக்குறவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எடத்துலதான் தெரியும்.

சூப்பர் கபுட்டோவும் இருக்கு, ஜப்பான்காரங்க ஆஸ்டீரியஸ்லயே பொறுக்கிப் பொறுக்கி உருவாக்குன ரகம், வெள்ளப் புள்ளி பெருசு பெருசா மேலெல்லாம் படர்ந்து பச்சையே தெரியாத அளவுக்கு இருக்கும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதவிட எனக்கு ஆச்சரியம் ஆஸ்ட்ரோஃபைட்டம் காபுட் மெடூசே. 2001லதான் மெக்சிகோல நூவோ லியோன்ல கண்டுபுடிச்சாங்க, அவ்ளோ நாளா யாரு கண்ணுலயும் படாம இருந்திருக்கு. உருண்டையே கிடையாது, நீள நீளமா விரல் விரலா வளரும், அது மேல அதே ஆஸ்ட்ரோஃபைட்டம் வெள்ளப் புள்ளி. இங்க சொந்த வேர்ல சின்னது ரெண்டு மூணு, டிராகன் ஃப்ரூட் தண்டுல ஒட்டுப் போட்டது கொஞ்சம் இருந்துச்சு. எது ஒட்டு எது சொந்த வேருன்னு தொட்டிலயே எழுதி வச்சிருக்காங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா டிராகன் ஃப்ரூட் தண்டு வேகமா வளத்து விடும் ஆனா ரொம்ப வருஷம் தாங்காது, அடித்தண்டு போச்சுன்னா மேல இருக்கறத திருப்பி வேற தண்டுல ஒட்டத் தெரிஞ்சிருக்கணும், புதுசா சேர்க்குறவங்க ஒட்டு வாங்காதீங்க.

அரியோகார்ப்பஸ் பெஞ்ச பத்தி தனியா சொல்லணும். மேல பாத்தா கல்லுக்குள்ள புதைஞ்ச நாலு முக்கோணத் துண்டு, அவ்ளோதான், இதுக்கா இந்த வெலன்னு வீட்ல கேப்பாங்க. நான் இதுல ரெட்டூசஸ்ங்கற வகைல ஒண்ணு கேட்டப்ப அக்கா விரலுக்கு நடுவுல செடிய புடிச்சி தொட்டிய தலகீழா கவுத்து ரெண்டு தட்டு தட்டி முழுசா வெளிய எடுத்துக் காட்டுனாங்க. அடியில கேரட் மாதிரி தடிச்ச வேரு, பக்கத்துல மெல்லிசு வேரெல்லாம் முழுசா இருக்கு, எங்கயும் வெட்டுன தடமில்ல, வெள்ளையா மாவு மாதிரி வேர்ப்பூச்சி இல்ல. "வேர பாக்காம அரியோகார்ப்பஸ் வாங்கக் கூடாது தம்பி, எங்ககிட்டயே ஆனாலும் பாத்துதான் வாங்கணும்"னாங்க. விதைல இருந்து பூ வர பத்து வருஷம்கூட ஆகும், அவ்ளோ மெதுவா வளர்ற செடி, அதனாலதான் மலைல இருந்து பிடுங்கி விக்கிற திருட்டு இதுல ஜாஸ்தி.

அந்தத் திருட்டு சின்ன விஷயம் இல்லங்க. 2020ல இத்தாலில ஒரே எடத்துல ஆயிரத்துக்கு மேல கேக்டஸ புடிச்சாங்க, சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல இருந்து பிடுங்குன கோப்பியாப்போவா, எரியோசைஸ்ங்கற வகைங்க, அடுத்த வருஷம் எண்ணூத்துச் சொச்சத்த சிலிக்கே திருப்பி அனுப்புனாங்க. உலகத்துல இருக்க கேக்டஸ் இனங்கள்ல 31 சதவீதம் அழிவு ஆபத்துல இருக்குன்னு 2015ல கணக்கு வந்துச்சு, சேர்க்குறவங்களுக்காக பிடுங்குறதும் அதுக்கு ஒரு பெரிய காரணம். ஆஸ்டீரியஸ், அரியோகார்ப்பஸ் ரெண்டுமே சைட்ஸ் (அழியுற ஆபத்துல இருக்க செடி, மிருக வியாபாரத்த கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) முதல் பட்டியல்ல இருக்கு, காட்டுல இருந்து எடுத்தத நாடு விட்டு நாடு வியாபாரம் பண்ணவே கூடாது, நர்சரில வளத்ததா இருந்தாலும் எல்லை தாண்டணும்னா பேப்பர் வேணும். ஆன்லைன்ல ஒருத்தர் எனக்கு அனுப்புன அரியோகார்ப்பஸ் அடியெல்லாம் பட்டையா காஞ்சு, ஒரு பக்கம் கல்லுல தேஞ்ச தழும்பு, வேர ஒட்ட வெட்டிருந்துச்சு, பேப்பர் கேட்டதும் பதிலே இல்ல. விதைல வந்தது சின்னதா, ஒரே சீரா, சுத்தமா இருக்கும், இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அப்புறம் ஏமாற மாட்டீங்க. அழகா பழசா இருக்குன்னு ஆசப்பட்டு அந்த மாதிரி செடிய தயவு செஞ்சு யாரும் வாங்காதீங்க.

எனக்கு இந்த எடத்து மேல மரியாத வந்தது கோப்பியாப்போவா கேட்டப்பதான். அதுல சாம்பல் பூத்த சினேரியா வகை ஒண்ணு, அப்டி ஒரு செடி, கைல காசும் இருந்துச்சு. அக்கா "வீடு எங்க தம்பி?"ன்னாங்க, தருமபுரின்னேன், "மாடியா?"ன்னாங்க, ஆமான்னேன், "அப்ப வேணாம், இது கடல் பனில வாழுற செடி, இங்க ஓசூர்ல ராத்திரி குளிருதுன்னு நிக்குது, உங்க ஊரு சித்திரைல ராத்திரியும் மாடி அனலா கெடக்கும், செத்துப் போயிரும், பத்து ஆஸ்டீரியஸ் நாத்து எடுத்துட்டு போங்க, அது வெயிலுக்கு நல்லா வரும்"னு சொல்லிட்டு தொட்டிய திருப்பி வச்சிட்டாங்க. வந்த காச வேணாம்னு சொல்ற கடைய நான் அதிகம் பாத்ததில்ல. அந்த நாத்தெல்லாம் இப்ப மாடில அம்பது சதவீத ஷேட் நெட்டுக்குக் கீழ நல்லா இருக்கு.

மண்ணு கலவையும் மூட்டையா தர்றாங்க, சலிச்ச கல் சிப்ஸ், செங்கல் பொடி ஜல்லி, அடுப்புக்கரி, கொஞ்சம் இலைமக்கு, தூசியே இல்லாம சலிச்சிருக்கு. நம்ம பக்கம் குவாரி சிப்ஸுக்கு பஞ்சமே இல்ல, நீங்களே கூட பண்ணிக்கலாம், சலிக்க சோம்பேறித்தனம்னா வாங்கிக்கோங்க. ஐப்பசி கார்த்திகை மழைல நனைய விடாதீங்க, அரியோகார்ப்பஸ் பூ வர்ற நேரமும் அதான், மேல ஷீட் இருந்தா நிம்மதி. அப்புறம் ஒண்ணு, வீட்டு வேலி சப்பாத்திக்கள்ளில வெள்ளப் பஞ்சு மாதிரி இருந்து நசுக்குனா ரத்தமா வருதுன்னு அங்க ஒருத்தர் பயந்து கேட்டுட்டு இருந்தாரு, அது கொச்சினீல் பூச்சி, சப்பாத்திக்கள்ளிய ஒழிக்கவே 1926ல தென்னிந்தியாவுக்கு கொண்டு வந்தது, அந்த வகையத்தான் திங்கும், நம்ம உருண்டை கேக்டஸுக்கு எதிரி மாவுப்பூச்சிதான்.

குறைன்னு பாத்தா, லேபிள். மார்க்கர்ல எழுதுறது வெயில்ல வெளுத்துப் போகுது, விதை போட்ட வருஷம் எங்கயும் இல்ல, செடி சேர்க்குறவங்களுக்கு அது வேணும். சூப்பர் கபுட்டோன்னு வச்சிருக்கறதுல சிலது சாதா ஆஸ்டீரியஸோட கலந்தது மாதிரிதான் தெரியுது, புள்ளி பெருசா இருக்கறத நீங்களே பொறுக்குங்க. பல நிறம் கலந்த (வேரிகேட்டட்) ஜிம்னோகேலிசியம் கேக்டஸ் வெல ரொம்ப ஓவர், அதுக்கு நியாயமே இல்ல. மத்தது ஓகே, சின்ன ஆஸ்டீரியஸ் 200, காசு சைஸ் ரெட்டூசஸ் 450ன்னு கொடுத்தாங்க, வேரோட பாத்து வாங்குற செடிக்கு இது நல்ல வெல.

கூரியர் பண்ண சொல்லாதீங்க, அனுப்புறாங்க ஆனா பேக்கிங் சரியில்ல, என் ஃப்ரெண்டுக்கு வந்தது மண்ணெல்லாம் கொட்டி தலகீழா வந்துச்சு. நேர்ல போங்க, ஞாயித்துக்கிழம கூட்டம், வார நாள்ல போனா அக்கா நின்னு பேசுவாங்க, அட்டப்பெட்டியும் பழைய பேப்பரும் நீங்களே கொண்டு போயிருங்க. தை மாசம் நாத்தெல்லாம் தொட்டி மாத்துவாங்களாம், அப்ப போனா பொறுக்கி எடுக்க நிறைய இருக்கும்.