“மீட்ட கூண்டுக்கோழி”ன்னு சொல்லி 16,800 ரூபாய் வாங்கிட்டாங்க, படிச்சுட்டு வாங்குங்க

கோழி வந்து இன்னைக்கு ஒன்பதாவது நாள். பன்னிரண்டுல ஆறுதான் மிச்சம். கோபம் அடங்கின பிறகு எழுதலாம்னு வீட்டுல சொன்னாங்க. அடங்கற மாதிரி தெரியல, அதனால இப்பவே எழுதறேன். கூண்டுல இருந்த முட்டைக்கோழியை வீட்டுக்குக் கொண்டுவந்து எப்படிப் பழக்கறதுன்னு இந்த ஒன்பது நாள்ல கத்துக்கிட்டதையும் கடைசியில சொல்றேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க ஊரு காங்கேயம் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி வேப்ப மரத்தோட கொஞ்சம் இடம் இருக்கு. அத்தை காலத்துல இருந்தே நாட்டுக்கோழி வளர்க்கறோம். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது நாமக்கல் பக்கம். போன வருஷம் அங்க போனப்ப, தெரிஞ்சவங்க பண்ணைக்குள்ள ஒரு தடவை நுழைஞ்சு பார்த்தேன். ஷெட்டு முழுக்க வரிசை வரிசையா கம்பிக் கூண்டு. ஒரு கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடையாது. இறக்கையை விரிக்க முடியாது, திரும்பி நிக்கணும்னா பக்கத்துக் கோழி நகரணும். கூண்டோட அடிப்பக்கமும் கம்பிதான், முட்டை உருண்டு முன்னாடி வர்றதுக்காகச் சரிவா வச்சிருக்காங்க. வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல போடுற கோழிங்க அது. எழுபத்திரண்டு, எண்பது வாரம் ஆகி முட்டை குறைஞ்சதும் கழிவுக்கோழின்னு கறிக்கு லாரி ஏத்திடறாங்க. அந்த ஒன்றரை வருஷத்துல ஒரு நாள்கூட அதோட கால் மண்ணுல படறதில்ல. வீட்டுக்கு வந்தும் எனக்கு அது மனசை விட்டுப் போகல.

அதனாலதான் போன மாசம், பழைய பொருள், ஆடு மாடு எல்லாம் விக்கற ஒரு ஆன்லைன் தளத்துல “கூண்டிலிருந்து மீட்கப்பட்ட கோழிகளுக்கு வீடு தேவை”ன்னு போட்டிருந்ததைப் பார்த்ததும் உடனே கூப்பிட்டேன்.

நான் எங்க ஏமாந்தேன்னு சொல்லணும். விளம்பரம் போட்டவன் எடுத்ததும் விலையைச் சொல்லல. என்னைத்தான் கேள்வி கேட்டான். “வீட்டுல நாய் இருக்குதுங்களாக்கா? மதியத்துக்கு நிழல் இருக்குதா? கீரித் தொல்லை உண்டுங்களா? இடத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டுத்தான் குடுப்போம்.” கடைசியா ஒண்ணு கேட்டான்: “ரெண்டு மாசம் கழிச்சு அறுத்துட மாட்டீங்களேக்கா? சத்தியமா?” காசுக்கு விக்கறவன் இப்படிக் கேப்பானான்னு நினைச்சேன். அந்த ஒரு கேள்வியில நான் விழுந்துட்டேன்.

வீடியோ கால்ல காட்டினான். முருங்கை மரத்தடியில ஒரு வெள்ளைக் கோழி மண்ணைப் பறிச்சுப் படுத்துப் புரண்டுட்டு இருந்தது. “ஒன்றரை மாசமா வெளியில விட்டுப் பழக்கியாச்சுங்கக்கா. சாயங்காலம் ஆனா தானா வந்து அடைஞ்சுக்கும். ஊசியெல்லாம் போட்டாச்சு. உங்க கோழியோட அன்னைக்கே சேர்த்து விடலாம், ஒண்ணும் ஆகாது. பதினஞ்சு நாளைக்கு எப்ப வேணா கூப்பிடுங்க, நான் சொல்லித் தர்றேன்.” கோழி ஒண்ணு 650 ரூபாய்னு பன்னிரண்டுக்கு 7,800. மரக்கூடு ஒண்ணு 7,500. வண்டி வாடகை 1,500. மொத்தம் 16,800 ரூபாய். பாதி இப்பக் குடு, மீதி கோழி வந்ததும் குடுக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் கேக்கல. முழுசா யுபிஐல போட்டேன். போடறப்ப குறிப்புல “நன்கொடை”ன்னு எழுதச் சொன்னான். மீட்புக் கணக்குக்கு வேணுமாம். எழுதினேன். இது எங்க வந்து நிக்குதுன்னு பின்னாடி சொல்றேன்.

காலையில ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி மதியம் ஒன்றரைக்கு வந்தது. மேல ஒரு தார்ப்பாய்கூட இல்ல. ரெண்டு பிளாஸ்டிக் கிரேட்டுல ஆறு ஆறா அமுக்கி வச்சிருந்தாங்க. மேல் கோழியைத் தூக்கினா அடியில ஒண்ணு செத்து விறைச்சுக் கிடந்தது. ரெண்டு கிரேட்டுலயும் அப்படித்தான். கூடு எங்கேன்னு கேட்டா, அது நாளைக்கு வருதுன்னு சொன்னாங்கன்னார் டிரைவர். இவங்க எங்க வச்சுப் பழக்கினாங்கன்னு கேட்டேன். பாவம், அவர் மறைக்கல. “எனக்குத் தெரியாதுங்க. காத்தால நாலு மணிக்குக் கேஜ் ஷெட்டுல இருந்து நேரா ஏத்தி விட்டாங்க.”

அவர் சொல்லாட்டியும் கோழியைக் கையில எடுத்தாலே தெரியும். நகம் ஒவ்வொண்ணும் விரல் நீளத்துக்கு வளர்ந்து சுருண்டிருந்தது. மண்ணுல கிளறித் திரிஞ்ச கோழிக்கு நகம் தேயாம இப்படி வளருமா? கழுத்துலயும் முதுகுலயும் இறகே இல்ல, வெறும் சிவந்த தோல். அலகு நுனி வெட்டினது. கொண்டை வெளுத்துத் தொங்கிப் போய்க் கண்ணை மறைச்சது.

ஒவ்வொண்ணா மர நிழல்ல இறக்கி விட்டேன். விட்ட இடத்துலயே நின்னுச்சுங்க. ஒரு கோழி காலைத் தூக்கி, மண்ணுல வைக்காம அப்படியே மடக்கிப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் ஒத்தக்கால்ல நின்னது. சட்டியில தண்ணி வச்சேன், ஒண்ணுகூடக் கிட்டப் போகல. தாகத்துல வாயைப் பொளந்துட்டு நிக்குது, பக்கத்துல இருக்கற தண்ணி அதுக்குத் தெரியல. பைப்படியில சொட்டற தண்ணியை மட்டும் ஒண்ணு போய்க் கொத்தினது. அப்பத்தான் எனக்கு உறைச்சது: பொறந்ததுல இருந்து, கொத்தினா சொட்டற நிப்பிள் குழாய்ல குடிச்ச கோழி, சட்டியைப் பார்த்ததே இல்ல. ஒவ்வொண்ணையும் பிடிச்சு அலகைத் தண்ணியில முக்கி முக்கிக் காட்டினேன். அதுக்குள்ள ஒண்ணு நின்ன நிலையிலயே முட்டையைப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காம நின்னது. அத்தை அதைப் பார்த்துட்டு, “என்ன பாவம் பண்ணுச்சோ அம்மிணி இது”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

சாயங்காலம் தானா அடையும்னு சொன்னானே, ஒண்ணுகூட அடையல. இருட்டினதும் சுவத்து மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமிஞ்சு கிடந்துச்சுங்க. கூடும் வரல. டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா தூக்கிப் பஞ்சாரத்துலயும் பழைய குளியலறையிலயும் அடைச்சோம்.

அவன் பேச்சைக் கேட்டு மறுநாள் காலையில எங்க நாட்டுக்கோழியோட சேர்த்து விட்டேன். அது நான் பண்ணின பெரிய தப்பு. எங்க கோழிங்க விரட்டி விரட்டிக் கொத்தினதுல ஒண்ணு ரத்தம் வழிஞ்சு செத்தது. இதுங்களுக்கு ஓடவே தெரியல. மூணாம் நாள் ரெண்டுக்கு மூச்சு கொறகொறன்னு இழுத்தது, முகம் வீங்கினது. இன்னொண்ணு எழுந்து நிக்கவே முடியாம காலை நீட்டிப் படுத்துக்கிச்சு. கால்நடை மருந்தகத்து டாக்டர் தடவிப் பார்த்துட்டு, எலும்பு உடைஞ்சிருக்குன்னார். விடாம முட்டை போட்டுப் போட்டு எலும்புல இருக்கற கால்சியம் எல்லாம் ஓட்டுக்கே போயிடுதாம். நடமாட்டமும் இல்லாததால, பிடிக்கறப்ப ஏத்தறப்ப முரட்டுத்தனமா இழுத்தாலே ஒடியற எலும்பாம். “யாருங்க இதைச் சேர்த்து விடச் சொன்னது?”ன்னு அவர் கேட்டப்ப எனக்குப் பதில் வரல. அந்த மூணும் பிழைக்கல. சளி எங்க கோழிக்கும் தொத்தி ரெண்டு போச்சு. அதுல ஒண்ணு, எம்பொண்ணு குஞ்சுல இருந்து கையில வச்சு வளர்த்தது. ரெண்டு நாளா அவ சரியாப் பேசறதில்ல.

இனி அவன் பேசினதைக் கேளுங்க. முதல் நாள்: “பயணக் களைப்புதாங்கக்கா, வெல்லத் தண்ணி வைங்க.” ரெண்டாம் நாள்: “செத்ததுக்கு வண்டிக்காரர்தான் பொறுப்பு, அவர்கிட்டப் பேசுங்க.” கூடு கேட்டா ஆசாரிக்குக் காய்ச்சல்னான், அடுத்த நாள் மழைன்னான். அவன் இருக்கற நாமக்கல்ல மழையே இல்லைன்னு தங்கச்சி சொல்றா. நாலாம் நாள் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “உயிருள்ளதுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க மேடம். நீங்க வெயில்ல விட்டிருப்பீங்க”ன்னான். பணம் போடற வரைக்கும் அக்கா, இப்ப மேடம். அஞ்சாம் நாள் போலீசுக்குப் போவேன்னேன். “போங்க. நன்கொடைன்னு நீங்களே எழுதித்தானே போட்டீங்க. நன்கொடையை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?”ன்னு வச்சுட்டான். அதோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

அந்தத் தளத்துல புகார் குடுத்தேன். விற்பவரோட நேரடியாப் பேசித் தீர்த்துக்கச் சொல்லி ஒரு பதில் வந்தது, புகாரை முடிச்சுட்டாங்க. மறுபடி போட்டேன், அதே பதில். மனுஷங்க யாரும் படிக்கற மாதிரியே தெரியல. விளம்பரம் ரெண்டு நாள் காணாமப் போச்சு. நேத்து வேற பேர்ல திரும்ப வந்திருக்கு. அதே முருங்கை மரம், அதே கோழி, அதே 650 ரூபாய். தங்கச்சி வீட்டுக்காரர் விசாரிச்சுச் சொன்னார்: அன்னைக்குப் பண்ணையில கழிவுக்கோழி கிலோ நூறு ரூபாய்கூட இல்லையாம், ஒண்ணு ஒன்றரைக் கிலோ தேறினாலே அதிகமாம். நூத்தம்பது ரூபாய்க்குக்கூடப் போகாத கோழியை, என் இரக்கத்தை வச்சு 650-க்கு வித்திருக்கான். வராத கூட்டுக்கு 7,500. மொத்தம் 16,800 ரூபாய். நான் தையல் தைச்சுச் சேர்த்த பணம் அது.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கேன். நுகர்வோர் உதவி எண் 1915-லயும் பதிஞ்சிருக்கேன். பணம் போன அன்னைக்கே 1930-க்குக் கூப்பிட்டா நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்றாங்க. நான் அஞ்சு நாள் அவன் பேச்சை நம்பி உக்காந்திருந்தேன். நீங்க உக்காராதீங்க.

எப்படிப் பழக்கறதுன்னு விரிவா எழுதறேன்னு சொன்னேன். பொழுது சாயப் போகுது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். பணத்தை முழுசா முன்னாடி போடாதீங்க, “நன்கொடை”ன்னு எழுதச் சொன்னா அங்கேயே நிறுத்திக்குங்க. பழக்கின கோழின்னு சொன்னா வீடியோல நகத்தைக் கிட்டக் காட்டச் சொல்லுங்க. வந்ததும் உங்க கோழியோட சேர்க்கவே சேர்க்காதீங்க, குறைஞ்சது மூணு வாரம் தனியா வைங்க, சட்டியும் தனி. தண்ணியைக் காட்டிக் குடுங்க. திடீர்னு அரிசி, கம்புக்கு மாத்திடாதீங்க, பண்ணையில தின்ன லேயர் தீவனத்தையே (முட்டைக்கோழித் தீவனம்) போடுங்க, கிளிஞ்சல் தனியா வைங்க. எலும்பு ஒடியும், அதனால உயரத்துல கட்டை வைக்காதீங்க, காலைப் பிடிச்சுத் தூக்காதீங்க, ரெண்டு கையால உடம்போட சேர்த்து எடுங்க.

மிச்சம் இருக்கற ஆறுல ஒண்ணு இன்னைக்குக் காலையில வேப்ப மரத்தடியில சாம்பல் கொட்டின இடத்துல உக்காந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு ஒரு பக்க இறக்கையை மட்டும் மெதுவா விரிச்சு மண்ணுல தேய்ச்சுப் பார்த்தது. எம்பொண்ணு எட்ட நின்னு பார்த்துட்டே இருந்தா.

இருட்டுது, இதுங்க இன்னும் தானா அடைய மாட்டேங்குது. ஆறையும் தூக்கி உள்ள விடணும். அந்த முருங்கை மரத்து வீடியோவை யாராவது பார்த்தீங்கன்னா பணம் போடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க. புகாரோட சேர்க்கறேன்.