முதுமையில் ஒதுங்குவதா, ஓடியாடுவதா?

முதுமையின் மனநிறைவு எதில் இருக்கிறது என்பதற்கு 1961-இல் இரண்டு எதிரெதிர் விடைகள் வந்தன. வயதானவர் உறவுகளிலிருந்தும் பொறுப்புகளிலிருந்தும் மெல்ல விலகுவது இயல்பு, அது அவருக்கும் சமூகத்துக்கும் நல்லது என்றார்கள் முதுமை ஆய்வாளர்களான எலைன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும். இன்னொரு ஆய்வாளரான ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் சொன்னது நேர்மாறு: நடுவயதின் ஈடுபாட்டை விடக்கூடாது, கைவிட்டுப் போன பொறுப்புக்கு ஈடாக வேறொன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

விலகல் கோட்பாட்டின் மீது எனக்குக் கோபமே உண்டு. என் பெரியப்பா, கூட்டத்தில் எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில்தான் சிரிக்கத் தொடங்குவார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். வயதாகிவிட்டது, தனிமையை விரும்புகிறார் என்று நாங்களே முடிவு கட்டினோம். உண்மையில் அவருக்குக் காது கேட்கவில்லை. காதுக்கருவி வந்த பிறகு அவரே முதல் ஆளாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். மூட்டுவலியும், அடிக்கடி கழிப்பறை தேட வேண்டிய கூச்சமும் இப்படி எத்தனை பேரை வீட்டுக்குள் முடக்கியிருக்கும்!

ஹேவிகர்ஸ்ட் வழியிலும் ஒரு குறை உண்டு. உடல் ஒத்துழைக்காதவரையும் அது குற்ற உணர்வில் தள்ளிவிடும். பின்னால் வந்த உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது: மீதமுள்ள காலம் குறைவு என்று உணர்பவர்கள், அறிமுகங்களைக் குறைத்து நெருக்கமானவர்களை வைத்துக்கொள்கிறார்கள். பெரியப்பா இப்போதும் பெரிய விழாக்களுக்குப் போவதில்லை. ஆனால் பழைய நண்பர்கள் இருவர் வந்துவிட்டால், இரவு வெகுநேரம் வரை அவர் அறையில் விளக்கு எரிகிறது.