கேவிராக்ஸ்: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரியவரும் விஷயங்கள்

கேவிராக்ஸ் என்பது தரவைக் கீ, மதிப்பு ஜோடிகளாகச் சேமிக்கும் டேட்டாபேஸ் சர்வர். அதே வகையைச் சேர்ந்த ரெடிஸைப் பழகியவர்களுக்கு இது முதல் நாளே கைவந்துவிடும். கமாண்டுகள் பெரும்பாலும் அவையே, கிளையன்ட் லைப்ரரியும் மாற வேண்டியதில்லை, போர்ட் மட்டும் 6666. ஆனால் ரெடிஸில் தரவு மெமரியில் இருக்கும். இங்கே ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு லைப்ரரி மூலமாக டிஸ்க்கில் இருக்கிறது. மெமரியைவிடப் பல மடங்கு பெரிய தரவை ஒரே சர்வரில் வைக்க முடிவதும் இதனால்தான், பின்னால் வரும் சிக்கல்களில் முக்கால்வாசியும் இதனால்தான். 2023-இல் இது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முழுநிலைத் திட்டமாக ஆனது, நம்பிப் பயன்படுத்தலாம்.

நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. டாக்கர் இமேஜ் கிடைக்கிறது. சோர்ஸிலிருந்து கட்டுவதானால் ஜி++, சிமேக், ஆட்டோகான்ஃப், லிப்டூல், பைத்தான் 3 இவற்றை முதலில் போட்டுக்கொண்டு, கூடவே வரும் எக்ஸ்.பை ஸ்கிரிப்டை பில்ட் என்று கொடுத்து ஓட்டினால் போதும். ராக்ஸ்டிபியும் சேர்ந்து கம்பைல் ஆவதால் நேரம் பிடிக்கும். மெமரி குறைந்த மெஷினில் இணை வேலைகளின் எண்ணிக்கையை 2 அளவில் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் மெமரி தீர்ந்து, பாதியிலேயே கம்பைலரை கெர்னல் நிறுத்திவிடும்.

கான்ஃபிக் ஃபைலில் முதலில் மாற்ற வேண்டியது தரவு டைரக்டரி. மாதிரி ஃபைலில் அது டெம்ப் டைரக்டரிக்குள் இருக்கிறது. பல சிஸ்டங்களில் ரீபூட் ஆனதும் டெம்ப் காலியாகிவிடும். நிலையாகச் சேமிக்கத்தான் இந்த சர்வரையே போடுகிறோம் என்பதால், மற்ற எதையும் தொடும் முன் இதைத் தனி என்விஎம்இ டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். அடுத்து ஓப்பன் ஃபைல் வரம்பு, அதாவது ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல்களைத் திறந்து வைக்கலாம் என்பது. கேவிராக்ஸ் ராக்ஸ்டிபிக்கு 8096 ஃபைல்கள் வரை திறக்க இடம் கொடுக்கிறது. கிளையன்ட் இணைப்புகள் அதற்கு மேல். லினக்ஸில் பல இடங்களில் வரம்பு 1024தான். சர்வரைத் தொடங்கும் சிஸ்டம்டி யூனிட் ஃபைலிலேயே 65536 என்று எழுதிவிட்டால் இந்தத் தலைவலி வராது.

ரெடிஸில் செலக்ட் கொடுத்து 0, 1, 2 என்று டேட்டாபேஸ் பிரித்து எழுதிய அப்ளிகேஷன்கள் இங்கே கவனம். இயல்பு நிலையில் செலக்ட்டுக்கு ஓகே என்று பதில் வரும், ஆனால் எதுவும் மாறாது. எல்லாக் கீகளும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றை ஒன்று அழிக்கும். பிழைச் செய்தி வராததால் கண்டுபிடிக்க நாளாகும். பிரிக்க விரும்பினால் நேம்ஸ்பேஸ் (கீகளுக்கான தனிப் பகுதி) சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன் வைத்து, அந்த டோக்கனையே பாஸ்வேர்டாகக் கொடுத்து இணைய வேண்டும். அதற்கு முன் சர்வருக்கு முதன்மைப் பாஸ்வேர்ட் இருந்தாக வேண்டும். கீகளின் எண்ணிக்கையைச் சொல்லும் டிபிசைஸ் கமாண்டும் இதே ரகம்: அது காட்டுவது கடைசியாக ஸ்கேன் செய்தபோது இருந்த எண்ணிக்கை. டிபிசைஸ் ஸ்கேன் என்று கொடுத்து, பின்னணியில் எண்ணி முடித்த பிறகுதான் புது எண் கிடைக்கும்.

இனி டிஸ்க் இடம். பத்து லட்சம் ஃபீல்டு உள்ள ஹேஷை (ஒரே கீயின் கீழ் பல ஃபீல்டுகள் வைக்கும் வகை) டெல் கமாண்டால் அழித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் அழிவது அந்தக் கீ பற்றிய மெட்டாடேட்டா மட்டும். உள்ளே இருந்த ஃபீல்டுகள், பழைய ஃபைல்களைச் சேர்த்துத் தேவையற்றதை நீக்கி மாற்றி எழுதும் கம்பாக்ஷன் வரும்வரை டிஸ்க்கில் கிடக்கும். காலாவதியான கீகளும் அப்படியே: படிப்பவருக்குத் தெரியாது, இடத்தை மட்டும் பிடித்திருக்கும். நிறைய அழித்த பிறகும் டிஸ்க் அளவு குறையவில்லை என்றால் அது கோளாறு இல்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் ஓடும்படி கம்பாக்ஷனுக்குக் கிரான் வரி (நேர அட்டவணை) போடலாம். ஆனால் கம்பாக்ஷன் பழைய ஃபைலை அழிக்கும் முன் புதியதை எழுதி முடிக்க வேண்டும், அதற்கு இடம் தேவை. டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருப்பதே பாதுகாப்பு. தரவு அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் கான்ஃபிக் வரியும் உண்டு. இயல்பில் அது 0, அதாவது வரம்பில்லை. அங்கே ஓர் அளவு கொடுத்துவிட்டால், டிஸ்க் முழுசாக நிரம்பும் முன்பே எழுதுவதை சர்வர் மறுத்துவிடும்.

பேக்கப் எடுக்கும் பிஜிசேவ் கமாண்டு நல்ல வசதி. ஹார்ட் லிங்க்கால் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) எடுப்பதால் நூற்றுக்கணக்கான ஜிபியும் சில நொடிகளில் முடியும், முதலில் கூடுதல் இடமும் ஆகாது. நாள் போகப்போகத்தான் வினை. கம்பாக்ஷன் ஃபைல்களை மாற்றி எழுதும்போது பழையவற்றை பேக்கப் பிடித்து வைத்திருக்கும். எழுத்து, அதாவது தரவு எழுதுவது, அதிகமானால் மொத்த இடம் இரட்டிப்புக்கு அருகே போகலாம். பேக்கப்பை உடனே வேறு மெஷினுக்கு நகல் எடுத்துவிட்டு, இங்கே ஒன்றுக்கு மேல் வைக்காமல் இருப்பதே சரி. ஒரே டிஸ்க்கில் கிடக்கும் பேக்கப், டிஸ்க் போனால் கூடவே போகும்.

எழுத்து மழை பொழியும்போது திடீரென்று வேகம் குறைந்தால் எல்0 (இன்னும் கம்பாக்ஷன் ஆகாத முதல் அடுக்கு) ஃபைல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 20-ஐத் தொட்டால் ராக்ஸ்டிபி வேண்டுமென்றே மெதுவாக்கும், 40-இல் எழுத்தையே நிறுத்தும். அந்த எண்களை உயர்த்துவது நோயை மறைக்கும் வேலை. பின்னணிக் கம்பாக்ஷன் இழைகளைக் கூட்டலாம், அல்லது மொத்தமாக ஏற்றும் வேலையின் வேகத்தைக் கட்டலாம். டிஸ்க்கே தாங்கவில்லை என்றால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

ரெப்ளிகா (தரவின் நகலை வைத்திருக்கும் இன்னொரு சர்வர்) வைப்பவர்கள், எழுதுவதை முதலில் பதிந்துவைக்கும் வால் (WAL) லாக்கின் வரம்புகளைப் பார்க்காமல் விடக்கூடாது. இயல்பில் அந்த லாக் வைத்திருக்கப்படுவது 10800 நொடி, அதாவது 3 மணி நேரம். அளவு 16384 எம்பி. ரெப்ளிகா அதற்கு மேல் பின்தங்கினால் மொத்தத் தரவையும் மறுபடி இழுக்கும். டெராபைட் அளவில் இது நெட்வொர்க்கை நாள் கணக்கில் அடைத்துவிடக்கூடும். பராமரிப்புக்கு ரெப்ளிகாவை நிறுத்தும் முன், அந்த நேரத்தில் எவ்வளவு எழுத்து வரும் என்று கணக்குப் போட்டு வரம்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மின்தடை பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்க்கில் உறுதி செய்யும் சிங்க் இயல்பில் அணைந்திருக்கும். கேவிராக்ஸ் மட்டும் விழுந்தால் இழப்பில்லை, ஏனென்றால் எழுதியது கெர்னலின் கையில் இருக்கிறது. மெஷினே மின்சாரம் இழந்தால் கடைசிச் சில நொடி எழுத்து போகலாம். கணக்கு வழக்கு போன்ற தரவுக்கு சிங்க்கை இயக்கி, வேகக் குறைவை ஏற்றுக்கொள்ளலாம்; கேஷ், செஷன், லாக் எண்ணிக்கை போன்றவற்றுக்கு இப்போதுள்ள நிலையே போதும்.