கிம்ப் மென்பொருள்: ஒரு திருமணப் படத்தை வைத்துச் செய்த சோதனை

என் பெற்றோரின் 1984ஆம் ஆண்டுத் திருமணப் படத்தைப் பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள ஒரு ஸ்டுடியோவில் சீர்செய்யக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த படத்தில் கீறல்கள் மறைந்திருந்தன; அவற்றோடு அப்பாவின் இடக்கன்னத்து மச்சமும் மறைந்திருந்தது. இருவர் முகமும் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தன. அந்த மனத்தாங்கலில்தான், படங்களைத் திருத்த உதவும் கிம்ப் மென்பொருளைக் கணினியில் நிறுவினேன். படத்திருத்தம் பற்றி எதுவும் அறியாத ஒருவர், கையில் ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டு இதைக் கற்க முடியுமா என்பதே என் கேள்வி. முடியும் என்பது என் அனுபவம்; ஆனால் முதல் இரண்டு மாலைகள் பொறுமை வேண்டும்.

கிம்ப், 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். ஃபோட்டோஷாப்புக்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டியிருக்க, இதற்குக் காசு ஏதும் இல்லை. 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில், போட்ட விளைவுகளைப் படத்தோடு கலந்துவிடாமல் தனியே வைத்திருந்து பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. புதியவர்களின் பயத்தைப் பாதியாகக் குறைப்பது இந்த ஒரு மாற்றம்தான்.

திருமணப் படத்தில் உடனே கை வைக்க மனம் வரவில்லை. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை நான் கைபேசியில் எடுத்த படம் ஒன்றில் முதலில் பழகினேன். மெஷர் கருவியால் ஒரு தூணை ஒட்டிக் கோடு இழுத்து, ஸ்ட்ரெய்ட்டன் பொத்தானை அழுத்தினால் சாய்ந்த படம் நிமிர்ந்துவிடுகிறது. கீழிருந்து அண்ணாந்து எடுத்ததால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவது இதனால் சரியாகாது; அதற்குப் பெர்ஸ்பெக்டிவ் கருவி வேண்டும்.

இனி, திருமணப் படம். மூன்றரைக்கு ஐந்து அங்குல அச்சுப்படி அது. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தபோது 2100க்கு 3000 பிக்சல் கிடைத்தது. படம் முழுவதும் செம்மை ஏறியிருந்தது. வெயில் படாமல் பெட்டிக்குள் கிடந்த பழைய வண்ண அச்சுகளில் பெரும்பாலும் சயான் எனும் நீலப்பச்சைச் சாயமே முதலில் மங்கும். சிவப்பு ஒளியை உறிஞ்ச வேண்டியது அந்தச் சாயம்தான் என்பதால், அது குறைந்தவுடன் கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களிலும் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, நிறங்களின் இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ் பெட்டி மிரட்டவில்லை. வண்ணங்கள் மூன்றையும் சேர்த்துக் காட்டும் வரைபடத்தை விட்டுவிட்டு, சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்தேன். 0 (இருட்டு) முதல் 255 (வெளிச்சம்) வரை நீளும் அந்த வரைபடத்தின் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மேடு தொடங்கும் இடம்வரை கறுப்பு முக்கோணத்தை நகர்த்தியதும், அப்பாவின் தலைமுடி கறுப்பாயிற்று. பச்சைக்கும் நீலத்துக்கும் இதையே சிறிதளவு செய்தேன். தானாகவே சரிசெய்யும் ஆட்டோ பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் அம்மாவின் அரக்குப் புடவை பளிச்சென்ற ரோஜா நிறத்துக்குப் போய்விட்டது. புடவையின் நிறம் அம்மாவுக்குத்தான் தெரியும் என்பதால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே நடு முக்கோணத்தை நகர்த்தினேன்.

கீறல்களுக்கு ஹீல் கருவி. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி நல்ல தோல்பகுதியைச் சுட்டிவிட்டு, கீறலின் மேல் தூரிகையை ஓட்டினால், சுற்றியுள்ள நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப அது தன்னைச் சரிசெய்துகொண்டு ஒட்டுகிறது. முகத்துக்கு இதைவிடச் சிறந்த கருவி தேவையில்லை. ஆனால் வேட்டிக்கரையும் பின்னணிச் சுவரும் சந்திக்கும் இடத்தில் இதைப் பயன்படுத்தினால் இரண்டு நிறமும் குழம்பி அழுக்குப் போலத் தெரியும். அங்கே, எடுத்த பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவிதான் சரி. இந்த வேலை முழுவதையும், படத்தின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு வெற்று லேயர் சேர்த்து, கீழே உள்ள படத்திலிருந்தும் மாதிரி எடுக்க உதவும் சாம்பிள் மெர்ஜ்டு என்பதைத் தேர்ந்துகொண்டு செய்வது நல்லது. அவசரத்தில் நானும் மச்சத்தின் மேல் தூரிகையை ஓட்டிவிட்டேன். தனி லேயர் என்பதால், அந்த இடத்தை மட்டும் அழிப்பான் கொண்டு தேய்க்க, மச்சம் திரும்பி வந்தது. ஸ்டுடியோக்காரர் மேல் இருந்த கோபமும் அப்போது கொஞ்சம் தணிந்தது.

படத்தை மாட்டும் சட்டம் ஆறுக்கு எட்டு அங்குலம் என்பதால், ஓரங்களை வெட்டும் கிராப் கருவியில் விகிதத்தை 3:4 என்று பூட்டி, உயரத்தில் 200 பிக்சலை வெட்டினேன். மிஞ்சிய 2100க்கு 2800 பிக்சல், அந்த அளவில் அங்குலத்துக்கு 350 புள்ளிகள். நல்ல அச்சுக்கு 300 போதும். கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க்கைக் கடைசியில் மட்டும், அதுவும் மிதமாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் காகிதத்தின் சொரசொரப்பும் சேர்ந்து துருத்தும்.

குறைகளும் உண்டு. நிறுவியபின் முதல்முறை திறக்கையில் எழுத்துருக்களைத் தேடிக்கொண்டு வெகுநேரம் நிற்கிறது. நான்கு ஜிபி நினைவகம் கொண்ட என் மடிக்கணினி ஐந்து லேயருக்கு மேல் மூச்சு வாங்கியது. புதியவரை அதிகம் குழப்புவது சேமிக்கும் முறை: சேவ் கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புதான் உருவாகும், ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் என்ற வேறு கட்டளைக்குப் போக வேண்டும். இது தெரியாமல் எக்ஸ்சிஎஃப் கோப்பைப் பென்டிரைவில் போட்டு அச்சுக்கடைக்குக் கொண்டுபோய், அவர்கள் கணினியில் அது திறக்காமல், வெறுங்கையோடு திரும்பினேன்.

தமிழில் எழுதும் வசதியைத் தனியே சொல்ல வேண்டும். படத்தின் அடியில் யூனிகோடு எழுத்துருவில் ‘ராயபுரம், வைகாசி 1984’ என்று அடித்தேன். ஐகாரக் கொம்பு வகரத்துக்குப் பின்னால் ஓடிப்போகாமல் தன்னிடத்தில் நின்றது. படத்தைப் பார்த்த அம்மா, முகூர்த்தம் வைகாசியில் இல்லை, ஆனியில் என்றார். எக்ஸ்சிஎஃப் கோப்பில் எழுத்து தனி லேயராகவே இருந்ததால், அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தி மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.