அரசு விடுதியா, கல்விக்கடனா?

பிளஸ் டூ முடித்ததும் எப்படியாவது வீட்டை விட்டு வெளியே போய்ப் படிக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் குழித்துறை, குளச்சல் பக்கம் நிறையப் பேர். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அப்பா அம்மா கையெழுத்துப் போடுவார்களா?

கல்விக்கடன் தொகை பெரிது, 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும், வீட்டோடு மனக்கசப்பு என்றால் அங்கேயே கதவு மூடிவிடும். கடன் வேறு வளர்ந்துகொண்டே இருக்கும்.

அரசு விடுதியில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் (பெண் பிள்ளைகளுக்கு இந்த விதி கிடையாது), வருமானச் சான்றும் கேட்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1000 ரூபாய் நேராக உங்கள் கணக்குக்கே வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். சின்னத் தொகைதான், ஆனால் நாகர்கோவிலில் பேருந்துக்கும் நோட்டுக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

என் ஓட்டு விடுதிக்கே. அப்புறம், வீட்டில் அடி உதை என்றால் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்காதீர்கள், 18 வயது ஆகவில்லை என்றால் இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.