ஹாலில் மாட்ட நினைத்த படமும், முர்னாவ் வீடும்

பிடித்த ஓவியத்தின் பெரிய பிரதியை ஹாலில் மாட்ட வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஜெர்மன் ஓவியர் காப்ரியேலே மூன்ட்டர், தன் ஓவிய நண்பர்கள் இருவரை வரைந்த ‘யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்’ படத்தை ஒரு மீட்டர் அகலத்தில் கேன்வாஸ் பிரதியாக ஒரு ஆன்லைன் கடையில் ஆர்டர் செய்தேன். வந்த படத்தில் பச்சை, வெந்து ஆறிய கீரை மாதிரி இருந்தது. துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்ததில் ஓரமெல்லாம் மடிப்புக்குள் போயிருந்தது. திருப்பி அனுப்பினேன், பணம் வந்துவிட்டது. ஆனால் அச்சு நன்றாக வந்திருந்தாலும் அந்தப் படம் என் ஹாலில் நின்றிருக்காது. அது அசலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அசல் ஜெர்மனியில், மியூனிக் நகரத்து லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போன கோடையில் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப் போனேன். படத்தின் முன்னால் போய் நின்றதும் இவ்வளவுதானா என்று இருந்தது. உயரம் 33 செ.மீ. கூட முழுசாக இல்லை, அகலம் 45-க்குள். 1909-ல், அட்டையில், எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது.

பச்சைப் புல் சரிவில் இரண்டு பேர் சாய்ந்து கிடக்கிறார்கள். வெரெஃப்கின் அம்மாளுக்குப் பெரிய தொப்பி. பின்னால் நீல மலை. இருவருக்கும் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே நிறம்.

“என்னடா இது, மூஞ்சி வைக்க மறந்துட்டாளா?” என்றார் அம்மா, கொஞ்சம் சத்தமாகவே.

மறக்கவில்லை. மலையைச் சுற்றி எப்படிக் கருப்பாகக் கோடு போட்டாரோ அப்படியேதான் மனிதர்களுக்கும் போட்டிருக்கிறார். புல்லுக்கு இல்லாத விவரம் ஆளுக்கு எதற்கு? கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் அந்தப் பச்சைக்குள் தூரிகை இழுபட்ட தடம் தெரிகிறது. வெறும் நிறமாக இருந்த இடம் ஒரு மத்தியான நேரமாக மாறுகிறது. இதையே மூன்று ஆள் தூரத்திலிருந்து பார்க்கிற அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால் தடமெல்லாம் போய், பெயின்ட் கடை நிற அட்டைதான் மிஞ்சும். என் பார்சலில் வந்தது அதுதான்.

மறுநாள் முர்னாவுக்குக் கிளம்பினோம். மியூனிக்கிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 1908 கோடையில் மூன்ட்டர், அவருடைய துணைவரான ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கி, யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் நால்வரும் சேர்ந்து வரைந்த ஊர் இது. அதுவரை கண்ட காட்சியை அப்படியே வரைந்துகொண்டிருந்த தான், இங்கேதான் அதன் சாரத்தை மட்டும் எடுத்து வைக்கத் தொடங்கியதாக மூன்ட்டரே பிறகு குறித்து வைத்திருக்கிறார். அடுத்த வருடம் இங்கேயே ஒரு வீடு வாங்கினார். கான்டின்ஸ்கியும் வந்து தங்கியதால் ஊர்க்காரர்கள் அதை ‘ரஷ்யர் வீடு’ என்றார்கள். இத்தனைக்கும் வாங்கியது பெர்லினில் பிறந்த பெண்! இப்போது அருங்காட்சியகம். மதியம் 2 முதல் 5 வரைதான், திங்கள் கிடையாது. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படியின் பக்கவாட்டில் கான்டின்ஸ்கி வரைந்த பூக்களும், குதிரை ஏறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் அங்கேதான் போனை எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அம்மா நின்றது வேறு இடத்தில், கண்ணாடி ஓவியங்கள் முன்னால். “எங்க அம்மா வீட்ல கண்ணாடியில எழுதின கிருஷ்ணர் இருந்தாரே, அதே கோடுடா இது.”

எனக்குச் சுரீரென்றது. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படத்தில் பின்பக்கம்தான் எழுதுவார்கள். முன்னால் தெரிய வேண்டிய கோடுகளை முதலில் போட்டுவிட்டு, நிறத்தை அப்புறம் நிரப்புவார்கள். முர்னாவ் இருக்கிற பவேரியா மாநிலத்துக் கிராமங்களிலும் அதே முறைதான். முர்னாவில் அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்த ஹைன்ரிஷ் ரம்போல்டிடம் மூன்ட்டர் அதைக் கற்றுக்கொண்டார். அட்டையில் வரைந்த படங்களிலும் தடித்த கருங்கோடு வந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா பூஜை அறையிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

1914-ல் போர் வந்து, ரஷ்யரான கான்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று, இருவரும் பிரிந்தார்கள். 1931-லிருந்து மூன்ட்டர் இந்த வீட்டிலேயே இருந்தார். நாஜிகள் இந்த மாதிரி ஓவியங்களைச் ‘சீரழிந்த கலை’ என்று பறித்துக்கொண்டிருந்த காலத்தில், தன்னை விட்டுப் போனவரின் படங்களையும் சேர்த்து நிலவறையில் ஒளித்து வைத்திருந்தார். 1957-ல், 80 வயதானபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை லென்பாக்ஹவுஸுக்குக் கொடுத்தார். வீட்டில் எனக்குக் குதிரைகளைவிட அந்த நிலவறை நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் நான் வாங்கியது ஒரு தபால் அட்டை. அசலில் பாதிகூட இல்லை, ஆனால் கையில் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் அம்மா அதில் பேனாவால் மூஞ்சி போடப் பார்த்தார், பிடுங்கி வைத்துக்கொண்டேன்.