பகலில் வந்து ஓட்டை அடைப்பவர்களிடம் வௌவால் வேலையைக் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்துச் சரி செய்வது வழக்கம். அந்தச் சமயம் பார்த்து, "வௌவாலைக் கொல்லாமல் வெளியேற்றித் தருகிறோம்" என்று சில நிறுவனங்கள் வருகின்றன. ஃப்ரேசர் டவுனில் எங்கள் பெரியப்பா வீட்டில் அப்படி ஒரு நிறுவனம் செய்ததைச் சொல்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தாலே நீங்கள் உஷாராகிவிடலாம்.

மங்களூர் ஓடு, தேக்குக் கைமரம், கீழே பலகை அடித்த மச்சு. முகட்டுப் பக்கம் ஒழுகி, சில ரீப்பர்கள் உளுத்துப்போயிருந்தன. திருவண்ணாமலைப் பக்கத்து ஆசாரி ஒருவர் ஓட்டைப் பிரிக்க வந்தார். மச்சில் ஏறியவர் கைப்பிடி எச்சத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். "தம்பி, இது எலி இல்ல. பாருங்க" என்று குச்சியால் நசுக்கினார். பொலபொலவென்று உதிர்ந்தது, உள்ளே பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுமினுத்தன. எலிப் புழுக்கை இப்படி உதிராது, பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளை இருக்கும். இது வௌவால் எச்சம். "அதுங்கள முதல்ல அனுப்பிட்டு வாங்க, அப்புறம் நான் கை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த விவகாரத்தில் நேர்மையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நிறுவனத்திலிருந்து வந்தவர் நல்ல தமிழ் பேசினார். மச்சில் ஏறவே இல்லை. கைப்பேசியில் நிபா வீடியோவைப் பெரியம்மாவிடம் காட்டினார். பெரியம்மாவுக்கு ஆஸ்துமா, பயந்துவிட்டார். 9,000 ரூபாய் என்று ஆரம்பித்த பேச்சு, கிருமி நீக்கம், மூலிகைப் புகை என்று 22,000க்குப் போனது. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

நிபாவைப் பற்றி இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018இல் கோழிக்கோட்டில் பரவியபோது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அந்த வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவால்களோடு தொடர்புடையது. அவை உயரமான மரங்களில் கூட்டமாகத் தொங்குபவை. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒண்டுவது பெரும்பாலும் பூச்சி தின்னும் சின்ன வகை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும், பத்து கிராம்கூட இருக்காது. அதற்காக வெறுங்கையால் தொடலாம் என்று சொல்லவில்லை. காய்ந்த எச்சத்தின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத்தான் அள்ள வேண்டும். கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இருக்கும் ஆபத்தைச் சொல்லாமல், இல்லாத ஆபத்தைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

"இதைக் கொல்லச் சட்டம் விடுகிறதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எலி மாதிரிதான் சார், சட்டத்திலேயே கொல்லலாம்னு போட்டிருக்கு" என்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று, கொல்ல அனுமதித்த உயிர்களின் பட்டியல் ஒன்று இருந்தது உண்மை. காகம், எலியோடு பழந்தின்னி வௌவால்களையும் அதில்தான் வைத்திருந்தார்கள். பூச்சி தின்னும் வௌவால்கள் அப்போதும் அதில் இல்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் திருத்தம் அமலில் இருக்கிறது. வந்திருப்பது எந்த வௌவால் என்றுகூடப் பார்க்காதவர் சட்டம் பேசினார். பெங்களூருக்குப் பக்கத்தில் கோலார் மாவட்டத்து ஹனுமனஹள்ளியில் ஒரு குகை இருக்கிறது. அங்கே வாழும் இலைமூக்கு வௌவால் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர் அது. எல்லா வௌவாலும் ஒன்றுதான் என்று பேசுகிறவர்களிடம் நம் கூரையை விடவே கூடாது.

சரி, வேலைக்கு எப்போது வந்தார்கள்? காலை பதினொரு மணிக்கு. வௌவால் எல்லாம் உள்ளே தூங்கும் நேரம். பாச்சை உருண்டை வாசனையில் எதையோ அடித்தார்கள். இடுக்குகளில் மஞ்சள் நுரையைப் பீய்ச்சி அடைத்தார்கள். மேலே வலை அடித்து, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, ஐந்து வருஷ உத்தரவாத அட்டையைக் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தோடு போய்விட்டார்கள்.

ராத்திரியே பலகை இடுக்கு வழியாக ஒவ்வொன்றாகப் படுக்கையறைக்குள் இறங்க ஆரம்பித்தன. வெளியே போகும் வழி அடைபட்டால் உள்பக்கம்தானே வரும்! அப்புறம் நாற்றம், ஈ. போன் செய்தால், "உத்தரவாதம் வௌவால் திரும்பி வந்தால்தான் சார். துர்நாற்ற நீக்கம் தனிக் கட்டணம்" என்றார்கள். தாங்களே கொன்றுவிட்டு, அந்தப் பிணவாடையைப் போக்க நம்மிடமே காசு கேட்கிறார்கள்.

ஆசாரியைக் கூப்பிட்டு முகட்டு ஓட்டைக் கழற்றச் சொன்னோம். நுரை கல்லாக இறுகியிருந்தது. அதில் ரோமமும் ஒரு இறக்கையும் ஒட்டியிருந்தன. ரீப்பருக்குப் பின்னால் காய்ந்துபோன ஒரு தாய். அதன் மார்பைக் கவ்வியபடியே ரோமம் முளைக்காத குட்டி. ஆசாரி, "பாவம் தம்பி, பால் குடிக்கிற குட்டி" என்று மட்டும் சொன்னார். உயிரோடு இருந்த சிலவற்றைத் தடித்த துணியால் எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து கெங்கேரியில் உள்ள பிஎஃப்ஏ (பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்) வனவிலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

இந்த வேலையை முறையாகச் செய்ய பெரிய செலவே கிடையாது. சாயங்காலம் இருட்டும் நேரத்தில் வீட்டைச் சுற்றி ஆளுக்கொரு மூலையில் நின்று, எந்த ஓட்டை வழியாக வெளியே வருகின்றன என்று பார்க்க வேண்டும். மச்சில் டார்ச் அடித்துக் குட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். சின்ன வகைகளில் சில, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலும் குட்டி போடும். அதனால் மாதத்தை மட்டும் நம்ப முடியாது. பறக்காத குட்டி இருந்தால் சில வாரம் பொறுக்கத்தான் வேண்டும், அதுவரை தார்ப்பாயால் மழையைச் சமாளிக்கலாம். குட்டி இல்லையென்றால், மற்ற இடுக்குகளை அடைத்துவிட்டு, அவை போகும் ஓட்டையின் மேல்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் வலையைப் பொருத்தி, அடிப்பக்கம் திறந்திருக்கும்படி கீழே தொங்கவிட வேண்டும். வெளியே வந்துவிடும், திரும்ப ஏற முடியாது. சில ராத்திரி அப்படியே விட்டு, எதுவும் வெளியே வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவி, பாச்சை உருண்டை இரண்டுக்கும் காசைக் கொட்டாதீர்கள். முதலாவது பலன் தருவதாக நிரூபணம் இல்லை. இரண்டாவது வீட்டில் இருப்பவர்களுக்கே கெடுதல், அதுவும் ஆஸ்துமா உள்ள வீட்டில். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடமோ, இந்த ஊரிலேயே இயங்கும் பேட் கன்சர்வேஷன் இந்தியா டிரஸ்டிடமோ கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா விடாதீர்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ரசீது, உத்தரவாத அட்டை, வாட்ஸப் பேச்சு, கழற்றிய நுரையின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். நாங்கள் அவற்றை வைத்துத்தான் புகார் கொடுத்திருக்கிறோம்.

இனிமேல் ஆள் வைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்: மச்சில் ஏறிக் குட்டி இருக்கிறதா என்று பார்த்த தேதி, வலை தொங்கப்போகும் ராத்திரிகள், கடைசி ஓட்டையை அடைக்கும் நேரம். எழுதித் தரத் தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.